அசையாத எடை

நிலம் அசைவதை அளக்க அசையாத ஒரு பொருள் வேண்டும். வீடு, தரை, மேசை, கடிகாரம், அளக்கிற ஆள் எல்லாமே நிலத்தோடு சேர்ந்து அசைகிறவை. நில அதிர்வுமானி செய்கிறவனுடைய முழுப் பாடும் இதுதான். கனமான ஓர் எடையை, நிலத்தோடு தொடர்பு இருந்தும் இல்லாத மாதிரித் தொங்கவிட வேண்டும். கீழே தரை விலகிப் போகும்போது எடை தன் இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுகிற விலகலைப் பதிந்துகொண்டால் அதுதான் பூமியதிர்ச்சியின் பதிவு.

கிட்டடியில் நடக்கிற பூமியதிர்ச்சி செக்கனுக்குப் பல தடவை உதறும். அதைப் பிடிக்கச் சின்னக் கருவி போதும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வருகிற மேற்பரப்பு அலை ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 20 செக்கன் எடுக்கும். அவ்வளவு மெதுவாகத் தரை நகரும்போது எடையும் கூடவே நகர்ந்துவிடாமல் இருக்க, ஊசலின் அலைவுகாலமும் அதே அளவுக்கு நீள வேண்டும். நூலில் குண்டு கட்டிய சாதாரண ஊசலில் இதைச் செய்யப் போனால் நூலுக்கு 100 மீற்றர் நீளம் வேண்டும். ரொறன்ரோ நகர நடுவில் முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து தொங்கவிட வேண்டிய நூல் அது. ஸ்காபரோவில் என் வீட்டு பேஸ்மென்றின் கூரை ஏழடி.

இதற்கான வழியை ஊரில் வேலிப் படலையிலேயே பார்த்திருக்கிறேன். படலைத் தூணின் தலை வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தால் படலை தானாகப் போய்ச் சாத்திக்கொள்ளும். சாய்வு கூடினால் அடித்துச் சாத்தும். தூண் கிட்டத்தட்ட நேராக நின்றாலோ, எங்கே போய் நிற்பது என்று முடிவெடுக்க முடியாமல் மிக மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி நிலை. அரை மீற்றர் தண்டின் முனையில் எடையை வைத்து, அது திரும்புகிற அச்சை நேர்க்குத்திலிருந்து ஒரு பாகையில் பத்தில் மூன்று பங்கு மட்டும் சாய்த்தால் அலைவுகாலம் 20 செக்கனுக்கு வந்துவிடும். 100 மீற்றர் நூலின் வேலையை அரை மீற்றர் தண்டு செய்துவிடுகிறது.

இந்த அமைப்பை வீட்டில் செய்யக்கூடிய விதத்தில் எளிமையாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லெஹ்மன். 1979 ஜூலையில் சயன்ரிபிக் அமெரிக்கன் இதழில், தொழில்முறையல்லாத விஞ்ஞானிகளுக்கென்று ஜேர்ல் வோக்கர் எழுதிவந்த பகுதியில், அதன் விவரம் வந்தது. யங் வீதியிலுள்ள ரொறன்ரோ உசாத்துணை நூலகத்தில் இருந்து அதை வாசித்தேன். உலகம் முழுக்க வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிற படலை ஊசல்களில் பெரும்பாலானவை அந்தச் சில பக்கங்களிலிருந்து பிறந்தவை.

நான் லேத் மெஷினில் நின்று சீவித்தவன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து கைக்குக் கிடைத்த தொழில் அது. உருக்கையும் பித்தளையையும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குக் கடைந்து கொடுப்பது. விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. ஆனால் இந்தக் கருவியின் பாதி, விஞ்ஞானி சொல்லித்தர வேண்டியதில்லாத, லேத்காரனுக்கு மட்டும் தெரிகிற விஷயம் என்று வாசித்த அன்றைக்கே விளங்கிவிட்டது.

ஏன் அந்த இதழைத் தேடிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கையின் வடமராட்சிக் கரையில் பிறந்தவன். 2004ஆம் ஆண்டு நத்தார் இரவு, ரொறன்ரோ நேரம் 7 மணி 58 நிமிடத்துக்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி உடைந்தது. இலங்கையில் அது 26ஆம் திகதி காலை. எங்கள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், சாப்பாடு, பிள்ளைகளின் சத்தம். பிறகு செய்தி வந்தது. விடிய விடிய எல்லாரும் தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தோம். வடமராட்சி கிழக்குக்கும் முல்லைத்தீவுக்கும் போன அழைப்பு எதுவும் எடுபடவில்லை.

பல மாதங்கள் கழித்து அந்தப் பூமியதிர்ச்சியைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதியவற்றை வாசிக்கத் தொடங்கினேன். அதன் மேற்பரப்பு அலைகள் பூமியில் ஓர் இடத்தையும் விட்டுவைக்கவில்லை; குறைந்தது ஒரு சென்ரிமீற்றராவது எல்லா நிலமும் அசைந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் உள்ள உலக வலையமைப்புக் கருவி 9 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கத்தைப் பதிந்திருந்தது. சுமாத்திராவிலிருந்து ரொறன்ரோ 14,700 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க அலைகளுக்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். இலங்கையின் கிழக்குக் கரையைச் சுனாமி அடைய அதைவிடக் கூட நேரம் எடுத்தது. அப்படியென்றால், கடல் ஊருக்குள் வருவதற்கு முன்னமே ஊரைக் கொல்லப்போகிற அந்த உதறல் ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கீழாகப் போய்விட்டது. ஒருமுறை ஏறி இறங்க 20 செக்கனுக்கும் கூட எடுக்கிற அசைவு என்பதால் ஒரு கோப்பைகூடத் தளம்பவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக் கருவியால் ஒருவரையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்கு அப்போதே தெரியும். எச்சரிக்கை விடுவது அரசுகளின் வேலை, அதற்கு நூற்றுக்கணக்கான கருவிகளும் கடலில் மிதவைகளும் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. இனி என் காலுக்குக் கீழே அப்படியொன்று போனால் அது எனக்குத் தெரியாமல் போகக்கூடாது. அவ்வளவுதான்.

செய்யத் தொடங்கினால் முதலில் வருவது சுழல்முனை. தண்டு தூணில் முட்டுகிற அந்த ஒரு புள்ளி. அங்கே உராய்வு இருந்தால் கருவி செத்தது. தரை ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகரும்போது எடை அசையாமல் நிற்க வேண்டும். முனை ஒட்டிக்கொண்டால் எடையும் தூணோடு சேர்ந்து போய்விடும், பதிவில் ஒன்றும் விழாது. பழைய செய்முறைகளில் ஊசிமுனையைக் குழியில் வைப்பார்கள். ஊசி நாளாக நாளாக மழுங்கும், குழி பெருக்கும். நான் வைத்தது கடினமான உருக்குக் குண்டு ஒன்று. அது கார்பைட் டிப்பின் தட்டையான முகத்தில் முட்டி நிற்கும். குண்டு வழுக்குவதில்லை, உருள்கிறது. அதுவும் ஒரு மயிரிழை தூரம்தான். கார்பைட் டிப் என்பது லேத்தில் உருக்கைச் சீவுகிற முனை. ஒரு மூலை தேய்ந்தால் திருப்பிப் போடுவோம், எல்லா மூலையும் தேய்ந்தால் பழைய இரும்போடு போகும். அதன் நடு முகம் கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கும். கடையில் தேடி வாங்கினாலும் அதைவிடக் கடினமான, தட்டையான பரப்புக் கிடைக்காது.

எடைக்குப் பித்தளை எடுத்தேன். ஏறத்தாழ மூன்று கிலோ. உருக்கு மலிவு, கையிலும் நிறைய இருந்தது, ஆனால் உருக்குக் காந்தத்தில் இழுபடும். வீதியில் ஒரு கார் போனால்கூட அயலில் காந்தப்புலம் மாறும். பூமியின் காந்தப்புலமே நாள்தோறும் கொஞ்சம் கூடிக் குறையும். இதெல்லாம் அதிர்வென்று பதிவில் ஏறக்கூடாது என்றால் எடை பித்தளையாகவோ ஈயமாகவோதான் இருக்க வேண்டும். எடையைத் தாங்குவது பியானோக் கம்பி. தூணின் உச்சியிலிருந்து சரிவாக இறங்கித் தண்டைப் பிடிக்கிறது.

அடித்தட்டுக்கு மூன்று மட்டத் திருகுகள். நீளவாட்டுச் சாய்வைத் தருகிற திருகுதான் அலைவுகாலத்தைத் தீர்மானிக்கிறது. ஆறு செக்கனில் தொடங்கலாம். திருகைக் கொஞ்சம் திருப்பி, நிறுத்தற்கடிகாரத்தோடு இருந்து எண்ணி, பத்துக்குக் கொண்டுபோய், பிறகு பதினைந்துக்கு. அதுவரை கருவி சொன்னதைக் கேட்கும். பதினெட்டைத் தாண்டியதும் குணம் மாறும். இருபது செக்கன் அலைவுகாலத்தில் இந்த ஊசல் பக்கச் சாய்வை 200 மடங்காக்கிக் காட்டுகிறது. ஒரு மனிதன் பக்கத்தில் வந்து நின்றால் கொங்கிறீற்றுத் தளம் வளைகிற வளைவு போதும், தண்டு மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மழை பெய்து வளவு மண் ஊறினால் ஒதுங்கும். மார்கழிக் குளிரில் அத்திவாரத்தைச் சுற்றி மண் உறைந்தால் ஒதுங்கும். ஆகவே திருகைத் திருப்பிவிட்டு அறையை விட்டு வெளியே போய், கதவைச் சாத்தி, நிறைய நேரம் கழித்துத்தான் கருவி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இந்த வேலையில் பொறுமை என்று சொல்வது இதைத்தான். லேத்தில் வேலை செய்கிறவனுக்குக் கை வைத்த உடனே அளவு தெரிய வேண்டும். இங்கே கையை எடுத்த பிறகுதான் அளவே தொடங்குகிறது.

ஆடத் தொடங்கிய ஊசல் தானாக நிற்காது. ஒரு அதிர்வு போன பிறகும் பல நிமிடம் ஆடிக்கொண்டே இருக்கும், அடுத்து வருகிற அலை அந்த ஆட்டத்தில் கலந்துவிடும். இதற்குத் தணிப்பு வேண்டும். தண்டில் ஒரு செப்புத் தகட்டைப் பூட்டி, தரையோடு பொருத்திய இரண்டு வலுவான காந்தங்களுக்கு நடுவில் விட்டேன். செப்பு காந்தத்தில் ஒட்டாது, ஆனால் காந்தப்புலத்துக்குள் நகரும்போது அதற்குள் மின்னோட்டம் சுழன்று நகர்வை எதிர்க்கும். தகட்டை உள்ளே தள்ளத் தள்ள ஊசல் அடங்கும். தட்டிவிட்டால் ஒருமுறை போய், திரும்பி, நடுவைச் சற்றுத் தாண்டி, வந்து நின்றுவிட வேண்டும். அந்த நிலை வந்ததும் பூட்டிவிடலாம்.

தண்டின் முனையில் காந்தம், தரையில் சுருள். நிலம் நகர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். சுருளும் காந்தமுமாக இதைச் செய்தவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் போரிஸ் கலிட்சின். நான் சுருளை லேத்திலேயே, அதன் ஆகக்குறைந்த வேகத்தில், கம்பியை விரலால் வழிநடத்திச் சுற்றினேன். 0.1 மில்லிமீற்றருக்கும் மெல்லிய எனாமல் பூசிய செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. அவ்வளவு சுற்றியும் கிடைப்பது மைக்ரோவோல்ற் கணக்குத்தான், ஏனென்றால் அசைவு அவ்வளவு மெதுவானது. அதைப் பெருக்கி, வீட்டு மின்சாரத்தின் 60 ஹேர்ட்ஸ் இரைச்சலை வடித்து, எண்ணாக்கிக் கணினிக்குள் விட வேண்டும். நேரத்துக்கு ஒட்டாவாவிலிருந்து சிஎச்யு சிற்றலை வானொலி இருக்கிறது, இரவும் பகலும் செக்கன் அடித்துக்கொண்டிருக்கும். சிபிசி வானொலியும் மதியம் ஒரு மணிக்கு நேரச் சைகை தந்துகொண்டிருந்தது. 1939இல் தொடங்கிய அந்தச் சைகையை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். அது நின்றதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கடைசியாகப் பெட்டி. புதிதாகச் செய்கிறவர்கள் இதற்குக் கவனம் கொடுப்பதில்லை. ஆனால் தண்டை விடவும் சுருளை விடவும் பதிவின் தரத்தைத் தீர்மானிப்பது பெட்டிதான் என்பேன். கருவியைச் சுற்றியுள்ள காற்று நகரக்கூடாது. ரொறன்ரோ வீட்டில் குளிர்காலம் முழுக்க ஃபேர்னஸ் எரிந்து நின்று எரிந்து நிற்கும். பெட்டிக்குள் கீழ்க்காற்றுச் சூடாகி மேலே எழும்பினால் அந்த மெல்லிய ஓட்டமே தண்டைத் தள்ளும், பதிவில் சில நிமிட நீளமுள்ள போலி அலை ஏறும். சுவருக்கு அடிக்கிற தடித்த நுரைப் பலகையால் பெட்டி செய்து, இடுக்கெல்லாம் ஒட்டி, பெட்டியின் கூரைக்குள் சில வோற் சூடு தருகிற ஒரு தடையை வைத்தேன். மேலே சூடு, கீழே குளிர் என்றால் காற்று அடுக்கடுக்காகப் படிந்து அசையாமல் நிற்கும். அதோடு ஒரு எறும்பு நுழைகிற இடுக்கும் இருக்கக்கூடாது. சிலந்தி ஒன்று தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் வலை கட்டினால் போதும், பதிவு முழுக்க வினோதமான முட்கள் முளைக்கும்.

நான் இருக்கிற பகுதியிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பது அஜின்கோர்ட். இன்றைக்குத் தமிழ்க் கடைகளும் சீனக் கடைகளும் நிறைந்த இடம். பேஸ்மென்றில் கருவி ஆடத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரின் பழைய கதை எனக்குத் தெரிந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் பிரித்தானியர் 1840 அளவில் பூமியின் காந்தத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்றை நிறுவினார்கள். அரை நூற்றாண்டு நிம்மதியாக அளந்தார்கள். 1892இல் நகரத்து வீதிகளில் மின்சார ஸ்றீற்கார் ஓடத் தொடங்கியது. அதன் மின்னோட்டம் காந்த அளவீட்டைக் கெடுத்தது. ஆய்வகத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வெளியே வெறும் வயலாக இருந்த அஜின்கோர்ட்டுக்கு 1898இல் போனார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டு அங்கே அளந்தார்கள். உருக்கு எடை வேண்டாம் என்று நான் ஒதுக்கிய அதே காரணத்துக்காகத்தான் அந்த மனிதர்கள் ஊரைவிட்டே வெளியேறியிருக்கிறார்கள்.

ரொறன்ரோ ஆய்வகத்துக்கு 1897இல் ஒரு நில அதிர்வுமானியும் வந்தது, ஜோன் மில்ன் செய்த கருவி. அதுவும் படலை ஊசல்தான். மில்ன் யப்பானில் இருபது ஆண்டுக்குக் கிட்டச் சுரங்கவியல் கற்பித்து, பூமியதிர்ச்சி ஆராய்ந்து, 1895இல் வீடும் ஆய்வுக்கூடமும் தீயில் போன பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி வைற் தீவில் குடியேறியவர். அதற்கு முன்னமே, 1889 ஏப்ரலில், ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் ஏர்ன்ஸ்ற் ஃபொன் றெபோயர்-பாஷ்விற்ஸ் என்ற இளம் ஆய்வாளரின் ஊசல் யப்பான் பூமியதிர்ச்சி ஒன்றைப் பதிந்துவிட்டிருந்தது. அவர் அளக்க நினைத்தது நிலத்தின் நுண்ணிய சாய்வை. ஏன் தன் தண்டு காரணமில்லாமல் ஆடியது என்று தேடிப் போய்த்தான், பூமியின் ஒரு பக்கத்து அதிர்ச்சி மறுபக்கத்தில் தெரியும் என்பதை உலகத்துக்குச் சொன்னார். மில்ன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே மாதிரிக் கருவிகளைப் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடெல்லாம் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் கொடைக்கானல் வானாய்வகத்துக்கும் ஒன்று போனது. மில்னின் கருவியில் தணிப்பு இல்லாததால் ஆட்டம் நீண்டுகொண்டே போகும், அசைவின் அளவைச் சரியாகச் சொல்லாது. இருந்தாலும் எந்த நேரத்துக்கு எந்த அலை வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

அந்த நேரங்களை வைத்துத்தான் பூமியின் உள்ளே ஒரு கரு இருக்கிறது என்று 1906இல் ரிச்சர்ட் ஓல்ட்ஹம் எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை செய்து, 1897 அசாம் பூமியதிர்ச்சியை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தவர். அந்தக் கருவினால் பூமியில் ஒரு நிழல் விழுகிறது. பூமியதிர்ச்சி நடந்த இடத்திலிருந்து 104 பாகைக்கும் 140 பாகைக்கும் இடைப்பட்ட வளையத்துக்கு முதல் அலை நேராக வந்து சேராது. சுமாத்திராவுக்கு ரொறன்ரோ ஏறத்தாழ 133 பாகை. ஆக, ஊர்ப்பக்கக் கடலில் பூமி உடைந்தால் நாங்கள் இருப்பது அந்த நிழலுக்குள். கருவைச் சுற்றி வளைந்தும் உள்ளே புகுந்தும் வருகிற மெல்லிய அலைகளும், பிறகு பெருத்து வருகிற மேற்பரப்பு அலைகளும்தான் எங்களுக்குக் கிடைக்கும். 20 செக்கன் ஊசலுக்காக நான் இவ்வளவு பாடுபட்டதற்கு இதுவும் காரணம். ஊரின் அதிர்வு இந்த நகரத்துக்கு மெதுவான அலையாகத்தான் வந்து சேர்கிறது.

கருவி ஓடத் தொடங்கினால் பூமியதிர்ச்சி உடனே வந்துவிடாது. வருவது இரைச்சல். முதலில் அதுதான் கருவியின் பேச்சு முழுக்க, அதைப் படிக்காமல் மற்றதைப் படிக்க முடியாது. ஸ்காபரோவின் தரை பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் களியும். ஏரிக்கரைச் செங்குத்து மேடுகளுக்குக் கீழே நின்று பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். பாறை அதற்கெல்லாம் கீழே. ஆகவே கனரக வாகனங்கள் போனால் நிலம் நன்றாகவே துள்ளுகிறது. விடியற்காலையில் 401 நெடுஞ்சாலை விழித்துக்கொள்வது பதிவில் தெரியும். கோ ரயில் வருகிற நேரம் தெரியும். ரயில் யார்ட்டில் சரக்குப் பெட்டிகளைக் கொளுவும்போது விழுகிற அடியும் தெரியும். ஞாயிறு காலை எல்லாம் அடங்கியிருக்கும்.

இந்த ஊரின் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று ஓய்வில்லாமல் ஓடுகிறது. அத்திலாந்திக் கடலில் அலைகள் எதிரெதிராக மோதுவதால் கடலடி அமுங்கி நிமிர்கிறது. அந்தத் துடிப்பு ஐந்தாறு செக்கனுக்கு ஒன்றாகக் கண்டம் முழுக்கப் பரவி ரொறன்ரோவுக்கும் வருகிறது. கோடையில் மெல்லியதாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் தடிக்கத் தொடங்கும். 2012 அக்டோபர் 29இல் சான்டிப் புயல் நியூ ஜேர்சிக் கரையைத் தாக்கியபோது என் பதிவுத் தாள் இரண்டு நாளாகக் கறுத்துப்போயிற்று. கடலைக் காணாத நகரத்தில் இருந்துகொண்டு கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. கடற்கரையில் பிறந்தவனுக்கு அது பெரிய விஷயம். நான் காலையில் எழும்பியதும் பார்ப்பது அதைத்தான்.

2020 பங்குனியில் நகரம் மூடப்பட்டபோது ஞாயிறுக் காலையின் அமைதி வாரம் முழுக்க நீண்டது. உலகம் எங்கும் அப்படித்தான். அந்தக் கோடையில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, மனிதர் எழுப்பும் அதிர்வு பல இடங்களில் பாதி அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது. வீடுகளில் இருக்கிற சிறு கருவிகளின் பதிவுகளும் அந்த ஆய்வில் பயன்பட்டன.

2013 டிசம்பரில் பனிமழை நகரத்தின் மரங்களை முறித்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ஆண்டு முடிவிலும் ஜனவரித் தொடக்கத்திலும் நடுச்சாமத்தில் வெடி வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டு ரொறன்ரோ மக்கள் எழும்பினார்கள். எங்கள் ஆட்கள் சிலருக்கு அந்தச் சத்தம் வேறு நினைவுகளைக் கிளறியது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து, "அண்ணை, உங்கட மெஷினில ஏதும் விழுந்ததே?" என்று கேட்டா. விழுந்திருந்தது. பெரிய ஊசலுக்குப் பக்கத்தில் வேகமான அசைவுகளுக்கென்று ஒரு ஜியோஃபோனும் வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு முள், செக்கனுக்கும் குறைவு. பூமியதிர்ச்சி என்றால் முதல் அலையும் இரண்டாம் அலையும் விலகி வரும். இங்கே விலகலே இல்லை. மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் திடீர்க் குளிரில் உறைந்து, பருத்து, நிலத்தைப் பிளந்த சத்தம் அது. தாளை எடுத்துக் காட்டினேன். "அப்ப நிலம்தான் வெடிக்குது, வேற ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனா. அன்றைக்கு அந்தக் கருவி செய்த வேலை எனக்கு நிறைவாக இருந்தது.

கிட்டடிப் பூமியதிர்ச்சி ரொறன்ரோவுக்கு அரிது. 2010 ஜூன் 23 மதியம் 1 மணி 41க்குக் கியூபெக்கின் வால்-டே-புவாவில் 5.0 அளவில் ஒன்று நடந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 380 கிலோமீற்றர். கிழக்குக் கனடாவின் பாறை பழையது, குளிர்ந்து இறுகியது, அதிர்வைத் தின்னாமல் தூரம் கொண்டுபோகும். அதனால் அவ்வளவு தூரத்திலும் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் கீழே இறங்கி ஓடிவந்தார்கள். நான் வேலையில், லேத்தின் உதறலுக்குள் நின்றதால் ஒன்றும் உணரவில்லை. வீட்டில் ஊசல் இரண்டு பக்கத் தடுப்பிலும் போய் இடித்திருந்தது. ஜியோஃபோன் மட்டும் முழுசாகப் பதிந்திருந்தது. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில் விழுந்த செக்கன்களை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் கிட்டத்தட்ட வரும். அன்றைக்கு அந்தக் கணக்கை மகளைக் கொண்டு செய்வித்தேன்.

பெரிய ஊசல் எதற்குச் செய்யப்பட்டதோ அதை 2023 பெப்ரவரி 5, ஞாயிறு இரவு முழுமையாகச் செய்தது. துருக்கியில் அது ஆறாம் திகதி விடியப்புறம். 8 மணி 17க்கு அங்கே பூமி உடைந்தது, அளவு 7.8. எட்டரைக்குச் சற்று முன்னர் திரையில் கோடு மெல்லத் தடித்தது, அது முதல் அலை. பத்து நிமிடம் கழித்து இரண்டாம் அலை. அந்தப் பத்து நிமிடத்தை அட்டவணையில் பார்த்தால் 80 பாகை, ஏறத்தாழ 9,000 கிலோமீற்றர். எந்தத் திசை என்று ஒற்றை ஊசல் சொல்லாது, ஆனால் தூரம் பெரிது, அதிர்ச்சியும் மிகப் பெரிது என்பது தெரிந்துவிட்டது. ஒன்பது மணியை ஒட்டி மேற்பரப்பு அலைகள் வந்தன. தண்டு இருபது செக்கனுக்கொருமுறை ஒழுங்காகப் போய்வந்ததை, பெட்டியைத் திறக்காமல், திரையில் பார்த்துக்கொண்டு இருந்தோம். மகள் என் பக்கத்தில் நின்று, "அப்பா, அங்க ஆக்கள் நித்திரையில இருந்திருப்பினம்" என்றாள். ஓம் என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச முடியவில்லை. விடிய 5 மணி 24க்கு 7.5 அளவில் இரண்டாவது நடந்தபோதும் நாங்கள் பேஸ்மென்றில்தான் இருந்தோம்.

கோயிலிலும் கலியாண வீட்டிலும் என்னைக் காண்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அடுத்தது எப்ப வரும்?" எனக்குத் தெரியாது, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, நாளும் மணியும் சொல்கிறவனை நம்பவேண்டாம் என்று சொல்வேன். சிலர் ஏமாற்றத்தோடு போவார்கள். சில பிள்ளைகள் மட்டும் நின்று, எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள்.

இப்போது செங்குத்து அசைவுக்கு ஒரு கருவி செய்துகொண்டிருக்கிறேன். இது இன்னும் கடினம். சாதாரண வில்லில் எடையைத் தொங்கவிட்டு 20 செக்கன் எடுக்கவேண்டுமென்றால் அந்த வில் எடையால் 100 மீற்றர் நீள வேண்டும், பழைய அதே கணக்கு. 1934இல் லூசியன் லாகோஸ்ற் என்ற அமெரிக்க மாணவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: வில்லைச் சரிவாகப் பூட்டி, சுற்றும்போதே முன்னிழுப்போடு சுற்றிவிடுவது. அந்த வில்லை லேத்தில் சுற்றப் பழகிவிட்டேன். மிச்சம் இருப்பது வெப்பநிலை. ஒரு பாகை சூடு ஏறினாலும் உருக்கு வில் தளர்ந்து எடை கீழே இறங்கிவிடுகிறது, ஆகவே பெட்டியின் நுரைப் பலகையை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். படலை ஊசல் செய்ய விரும்பிக் கேட்கிற பிள்ளைகளுக்குத் தேய்ந்த கார்பைட் டிப் என்னிடம் நிறைய இருக்கிறது, குண்டும் தருவேன். பித்தளையைக் கடைந்தும் கொடுப்பேன். காந்தமும் செப்புத் தகடும் அவர்கள் வாங்க வேண்டும், சுருளை அவர்களே சுற்ற வேண்டும்.